கடைசி நாள் காலையில் வந்த காதல்

நோக்கப் பரிசோதனை அலுவலகத்தின் வாசலில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்றின் மேல் 'உள்நோக்கத்தோடு வந்தவர்கள்' என்றும் இன்னொன்றின் மேல் 'உள்நோக்கமில்லாமல் வந்தவர்கள்' என்றும் பலகை தொங்கும். முதல் வரிசையில் இன்றுவரை ஒரு ஈ காக்கைகூட நின்றதில்லை. ஆனாலும் அதற்கென்று ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அதற்குக் கீழே ஒரு அதிகாரி. வேலைப்பளு தாங்கவில்லை என்று அவர் எழுதிக் கேட்டதன் பேரில் போன வருஷம் அவருக்கு ஓர் உதவியாளரையும் கொடுத்திருந்தார்கள்.

தையல்காரி இரண்டாவது வரிசையில் நின்றாள். அது மாடிப்படியில் இறங்கி, வண்டிகள் நிறுத்துமிடத்தைச் சுற்றி, மறுபடி கட்டடத்துக்குள் நுழைந்து, கழிப்பறை வாசலில் போய் முடிந்தது. கணவன்மார் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவர்களுக்குத் தனிக் கூடம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அவள் புருஷன் கையை ஆட்டினார். அவள் பதிலுக்கு ஆட்டவில்லை. சைகை காட்டுவது முன்தயாரிப்பாகக் கருதப்படும் என்று சுவரில் எழுதிப்போட்டிருந்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஊரில் சொந்தமாகத் தையல் கடை. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போனபிறகு, எனக்கு இந்த மெஷினே போதும் என்று அவளே கதவைச் சாத்திவிட்டாள். வெளிநாட்டிலிருக்கும் அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லை என்று சுற்றுலா விசா எடுத்து மூன்று மாதத்துக்கு வந்தாள். வந்த அன்றைக்கே, அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனது. இருட்டில் இரண்டு பெட்டிகளோடு அவள் திகைத்து நிற்க, கூரையில் ஒரு மூடி திறந்தது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"பயப்படாதீங்க. கீழ விழாது."

"நீங்க யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பெட்டி மேலதான் உக்காந்திருக்கேன். அப்படியே விழுந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம்."

இதைவிட உறுதியான வாக்கை அதுவரை எந்த ஆண்பிள்ளையும் அவளுக்குக் கொடுத்ததில்லை. மறைப்பானேன், அந்த நிமிஷமே அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் முப்பத்தெட்டு வயதில் அதை யாரிடம் போய்ச் சொல்வது? அக்காவிடம் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. விசா முடிகிற அன்று காலையில் அவரே வந்து, ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொள்வதுபோல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "போய்த்தான் ஆகணுமா?" என்று கேட்டார். மத்தியானம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது அந்தக் கல்யாணத்துக்கு நோக்கப் பரிசோதனை; அது முடியும்வரை தங்க ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். இதில் தேறினால் இங்கே இருக்கலாம். தேறாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அவர் கூடப் போகலாமே என்றால், வீட்டில் அவருடைய அம்மா படுத்த படுக்கை. ஒரு வாய்த் தண்ணீருக்கும் மகன் கைதான். பத்து வருஷம் கழித்து அவளுக்கு நாற்பத்தெட்டு.

"எப்ப வந்துச்சுன்னு கேட்டா, கடைசி நாள் காலையிலன்னு சொல்லு" என்று முன்னால் நின்ற பெண் திரும்பாமலே சொன்னாள்.

"எது?"

"காதல்தான். வேற எந்த நாளையும் சொல்லிடாத."

உள்ளே இளநிலை நோக்க அதிகாரி கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரே விதியை விளக்கினார்.

"மூணு மாசத்துக்குள்ள வந்த காதல்னா, அது உங்க ஊர்லேருந்தே உங்ககூட வந்ததுன்னு அர்த்தம். அது சாமான். விமான நிலையத்துலயே சொல்லியிருக்கணும். மூணு மாசம் முடிஞ்சப்புறம் வந்தாத்தான் அது இங்க விளைஞ்ச காதல்."

"விசாவே மூணு மாசம்தானேங்க?"

"ஆமா."

"அதுக்கப்புறம் இருந்தா?"

"குற்றம்."

"அப்ப காதல் எப்பத்தாங்க வரணும்?"

"அதை நாங்க சொல்லக் கூடாதும்மா. நாங்க வழிகாட்டுறவங்க இல்ல, மதிப்பிடுறவங்க. உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

"கடைசி நாள் காலையில."

அதிகாரி முகத்தில் ஒரு பூரிப்பு. "ஒண்ணு கவனிச்சீங்களா? நாங்க இதுவரைக்கும் ஒத்துக்கிட்ட காதல் எல்லாமே கடைசி நாள் காலையிலதான் வந்திருக்கு. ஒண்ணுகூடத் தவறல. இந்த நாட்டுத் தட்பவெப்பத்துல ஏதோ இருக்கு. அதை ஆராய ஒரு குழு போட்டிருக்கோம்."

பிறகு அவர் சுற்றுலாவுக்கு வந்தார். "என்னென்ன பார்த்தீங்க?"

"அக்கா குழந்தையைப் பார்த்தேன்."

"அருவி?"

"இல்லீங்க."

"அருங்காட்சியகம்?"

"குழந்தைக்கு வயித்துப்போக்குங்க அப்ப."

"சுற்றுலா விசா வாங்கிட்டு எதையுமே சுத்திப் பார்க்கல. அப்ப வேற எதையோ பார்க்கத்தானே வந்திருக்கீங்க? அடுத்த தடவை வர்றப்ப நீங்க சுற்றுலாப் பயணிதான்னு காட்டுற மாதிரி ஏதாவது கொண்டுவாங்க."

அவள் எழுந்திருக்கப் போனாள். அவர் இரண்டு புகைப்படங்களை மேசைமேல் வைத்தார். ஒன்று பதிவு அலுவலக வாசலில் எடுத்த கல்யாணப் படம். மற்றது அவள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் திறந்து வைத்த அவளுடைய பெட்டியின் படம். வருகிறவர்களின் பெட்டியை எல்லாம் படம்பிடித்துப் பத்திரப்படுத்துவது அந்த நாட்டில் நடைமுறை. பெட்டியில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கல்யாணப் படத்தில் அதே சட்டைதான் மாப்பிள்ளை உடம்பில் இருந்தது.

அந்தச் சட்டை அவளுடைய அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, ஊரிலிருந்தே தைத்துக் கொண்டுவந்தது. அத்தான் தன் அளவைத் தொலைபேசியில் சொன்னபோது தன் கல்யாண காலத்து அளவைச் சொல்லிவிட்டார். இடையில் பன்னிரண்டு வருஷத்துச் சாப்பாடு இருப்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சட்டை தொப்பையைத் தாண்ட மறுத்தபோது, "தையல் சரியில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தையல்காரிக்கு அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இரண்டாவது வாரம், லிஃப்டின் இரும்புக் கம்பி மாட்டி மெக்கானிக்கின் சட்டை முதுகோடு கிழிந்துபோக, அவள் இந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அது அவருக்கு அப்படியே பொருந்தியது. அவள் ரெண்டு நாள் தூங்கவில்லை.

தூங்காததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அவள் சொன்னாள். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதாலோ என்னவோ, அதிகாரிக்கும் கொஞ்சம் இரக்கம் வந்தது. தப்பிக்க அவரே வழி காட்டினார்.

"அத்தானுக்குத் தச்சதுன்னா இவருக்குச் சரியா இருக்காதே. ஆமா, தோள்ல கொஞ்சம் தொளதொளன்னுதான் தெரியுது. இல்லையாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் இருபது வருஷமாகக் கத்தரி பிடித்த கை அது.

"எங்கங்க தொளதொளன்னு இருக்கு? தோள்பட்டைத் தையல் எலும்பு மேல உக்காந்திருக்கு பாருங்க. கை ஏறுற இடத்துல ஒரு சுருக்கம் காட்டுங்க பார்ப்போம்!"

"அப்ப அவருக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குன்னு சொல்றீங்க?"

"அவ்வளவு கச்சிதங்க!"

நுணலும் தன் வாயால் கெடும். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நோக்கம் பெட்டிக்குள் இருந்தது, சட்டை வடிவில்" என்று எழுதி, மேலதிகாரியின் விசாரணைக்கு அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் எழவு விழுந்ததுபோல் இருந்தது. தையல்காரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். குழந்தை அவள் பின்னலைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. மெக்கானிக் சுவரோரம் நின்று தன் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி ஊசி, தொளதொளன்னு இருந்தா இருந்துட்டுப் போகுதுன்னு விடக் கூடாதா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே தங்கைக்கு அவள் வைத்த பெயர் ஊசி.

"வாய் தானா வந்துருச்சுக்கா."

"இப்ப ஒரே வழிதான். உங்கத்தான் வந்து, அளவைப் பொய்யா சொன்னது நான்தான்னு ஒத்துக்கணும்."

அத்தான் அந்த அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். குப்பைத்தொட்டியை நகர்த்துவதற்கும் அறிக்கை விடுகிறவர். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "என் இடுப்பு என் சொந்த விஷயம். அதை அரசாங்கத்துக்கு முன்னால வைக்க முடியாது. அதோட, நான் பொய் சொல்லல. நான் அதே அளவுதான். தண்ணி கொஞ்சம் சேர்ந்திருக்கு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே!" என்றாள் அக்கா.

"அத்தான், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்று தையல்காரி குனிந்தே விட்டாள். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மனம் இளகவில்லை.

அக்கா வேறு பக்கமாக வந்தாள். "சரி விடுடி. நீ போ. ராத்திரி குழந்தை எந்திரிச்சா உங்கத்தான் பார்த்துக்குவாரு. நான் வேலைக்குத் திரும்பணும்."

அத்தான் குழந்தையைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில் சுற்றுலா. அருவிக்கும் அருங்காட்சியகத்துக்கும் பூங்காவுக்கும் போய், ஒவ்வொன்றின் முன்னாலும் அவள் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டாள். புருஷன் படத்தில் விழுந்துவிடக் கூடாதென்று தள்ளி நின்றே எடுத்தார். அவருடைய நிழல் விழுந்துவிட்டதால் அருவியில் இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி அவர்கள் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல் தடவை. பேருந்தில் திரும்பும்போது அவர் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்து, யாராவது பார்த்துவைத்தால் என்ற பயத்தில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மேலதிகாரி ஒரு பெண்மணி. பெற்ற தாயைப்போல் கனிவான குரல். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது எப்படி என்று அவரிடம்தான் கற்க வேண்டும்.

"உக்காரும்மா. பயப்படாத. நாங்களும் மனுஷங்கதான். காதலுக்கு நாங்க எதிரியே இல்ல. அது வரிசையில வரணும்னு மட்டும்தான் சொல்றோம்." அருவிப் படத்தை எடுத்தார். "அழகா இருக்கு. யார் எடுத்தது?"

"அவருதாங்க."

"அருவியைப் பார்க்கப் போன ஆளு, அருவிக்கு முதுகைக் காட்டிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற. இந்தச் சிரிப்பு சுற்றுலா விசாவுல வராதேம்மா."

படங்கள் ஓரமாக ஒதுக்கப்பட்டன. அத்தான் அழைக்கப்பட்டார். அளவை நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சொன்னால் போதுமா, அளக்க வேண்டாமா? அலுவலகத்தில் நாடா இல்லை. தையல்காரி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விண்ணப்பதாரரின் நாடா விண்ணப்பதாரருக்குச் சாதகமாக இருக்கும் என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அரசாங்க மரக்கோல் வந்தது. கோல் நேராக இருந்தது. அத்தான் உருண்டையாக இருந்தார். இளநிலை அதிகாரி முன்னும் பின்னும் வைத்துப் பார்த்து, வியர்த்து, "இவரை அளக்க விதியில இடமில்ல" என்றார். கடைசியில், சட்டையைப் போட்டுக் காட்டும்படி உத்தரவாயிற்று.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். ஆனால் அறையில் இரண்டு பெண் எழுத்தர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தானுக்கு உடனே மானம் முளைத்துவிட்டது. மூச்சை ஒரே இழுப்பாக உள்ளே இழுத்தார். தொப்பை நெஞ்சுக்கு ஏறியது. முதல் பொத்தான் போட்டாயிற்று. இரண்டாவது போட்டாயிற்று. மூன்றாவதும் துளையைத் தொட்டது.

தையல்காரியின் பத்து வருஷம், புருஷன், வீடு எல்லாம் அந்த மனுஷர் உள்ளே அடக்கியிருந்த மூச்சில் தொங்கின.

"அத்தான், மூச்சை விடுங்க!"

"சாட்சிக்கு யோசனை சொல்லக் கூடாதும்மா" என்றார் மேலதிகாரி. பிறகு அத்தானிடம், "பொருந்துற மாதிரித்தானே இருக்கு? ஆமா, நீங்க என்ன பொறுப்புல இருக்கீங்க?" என்று மரியாதைக்காகக் கேட்டார்.

யார் கேட்டாலும் அத்தான் பதில் சொல்லாமல் விடாத கேள்வி உலகத்தில் அது ஒன்றுதான்.

"நான் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்தோட பொதுச் செய—"

நடுப்பொத்தான் பறந்து போய் மேலதிகாரியின் தேநீர்க் கோப்பையில் விழுந்தது. 'சட்டை பொருந்தவில்லை. தேநீரும் குடிக்கத் தக்கதாக இல்லை' என்று பதிவு செய்தார்கள். தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிழைத்தோம் என்று நினைத்துத்தான் அழுதாள்.

மேலதிகாரி கரண்டியால் பொத்தானை எடுத்துக் காகிதத்தில் துடைத்து அவளிடமே கொடுத்தார். "சட்டை அத்தானுக்குத்தான் தச்சிருக்க. ஒத்துக்கறோம். சரி, அதை இவருக்குக் கொடுத்தியே, அது எப்ப?"

"ரெண்டாவது வாரம்."

"மூணு மாசத்துக்குள்ள."

"சட்டைதாங்க கொடுத்தேன்."

"உன் கையால தச்சதை, யாருன்னே தெரியாத ஒரு ஆம்பளைக்குக் கொடுத்திருக்க. ஒண்ணுமே நினைக்காமயா கொடுத்த?"

அவள் பொத்தானைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார் அந்தத் தாய். "அன்னைக்கு இவரு எனக்கு ஒண்ணுமில்ல, கிழிஞ்ச சட்டையோட யார் நின்னிருந்தாலும் கொடுத்திருப்பேன்னு சத்தியம் பண்ணிடு. ஆனா அதை இவரு முன்னாலதான் பண்ணணும். அதுதான் முறை."

கண்ணாடிக் கூடத்திலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். முதலில் அவரிடம் கேட்டார்கள்.

"உங்களுக்கு இவங்களை எப்பலேருந்து பிடிச்சுது?"

மெக்கானிக்குக்குப் பொய் வராது. கயிறு தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிப் பாதி வாடிக்கையாளர்களை இழந்தவர் அவர். "முதல் நாளே. மூடியைத் திறந்து பார்த்தப்பவே."

தையல்காரி பதறிப்போனாள். மேலதிகாரி கையமர்த்தினார். "பரவாயில்லம்மா. அவரு உள்நாட்டுக்காரர். அவரு எப்ப வேணும்னாலும் காதலிக்கலாம். அதுக்கு அனுமதி தேவையில்ல. இப்ப நீ சொல்லு."

முதல் நாளே! அவருக்கும்! மூன்று மாதம் அடுப்பங்கரையில் நின்று லிஃப்ட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாளே, அதற்கு ஒரு வார்த்தையில் பதில் வந்துவிட்டது. அதுவும் இரண்டு எழுத்தர்கள், ஒரு மரக்கோல், பொத்தான் அறுந்த அத்தான் எல்லோருக்கும் முன்னால். எனக்கும்தாங்க என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் பத்து வருஷம்.

"அன்னைக்கு இவரு எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

"கொஞ்சம் சத்தமா. எழுதறவங்களுக்குக் கேக்கணும்."

"அன்னைக்கு இவரு எனக்கு ஒண்ணுமில்ல. கிழிஞ்ச சட்டையோட யார் நின்னிருந்தாலும் கொடுத்திருப்பேன்."

மெக்கானிக் தலையை ஆட்டினார். நியாயம்தான் என்பதுபோல் ஆட்டினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முத்திரை விழுந்தது. இரண்டு வருஷத்துக்குத் தற்காலிக அனுமதி, அப்புறம் மறுவிசாரணை, அதில் தேறினால் நிரந்தரம். மேலதிகாரி எழுந்து நின்று வாழ்த்தினார். "சந்தோஷமா இருங்க. இந்த ரெண்டு வருஷத்துல எங்க ஆளுங்க எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வருவாங்க. அவரைத் தனியா வச்சு, உன் பொண்டாட்டி முதல் நாளைப் பத்தி என்ன சொன்னான்னு கேப்பாங்க. இன்னைக்குச் சொன்னதும் அன்னைக்குச் சொல்றதும் மாறாம இருந்தாப் போதும். உங்க நன்மைக்குத்தான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒளிவுமறைவு இருக்கக் கூடாது பாருங்க."

வெளியே குழந்தையோடு காத்திருந்த அக்கா, நடந்ததைக் கேட்டுவிட்டு நெட்டுயிர்த்தாள். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைன்னு சொல்லுவாங்க. உன்னை அரசாங்கமே கைவிட வச்சு, முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கு."

கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்தி. குழந்தை அழுகிறது என்று அக்காவும் அத்தானும் முதலில் மேலே போய்விட்டார்கள். அடுத்த நடையில் இவர்கள் இருவரும் ஏறினார்கள். மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் அவர் ஒரு சாவியைத் திருப்பினார். லிஃப்ட் நின்றது.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

அவள் கைக்குள் பொத்தான் இருந்தது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க சொன்னதை நான் தப்பா எடுத்துக்கல. சட்டம் அப்படி. ஆனா... நிஜமாவே அன்னைக்கு நான் ஒண்ணுமில்லையா? இங்கதான், இதே இடத்துல, மேலேருந்து எட்டிப் பார்த்தேனே?"

சொல்லிவிடலாம். நாலு சுவருக்குள் இரண்டே பேர். ஆனால் இவரிடம் சொல்வதும் அந்த அலுவலகத்தின் மேசைமேல் கொண்டுபோய் வைப்பதும் ஒன்றுதான். தனியாக உட்காரவைத்துக் கேட்டால் இவர் ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பித்துவிடுவார். அந்தக் குணத்துக்காகத்தானே இவரைப் பிடித்தது? அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"விழுந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம்னு சொன்னீங்க" என்றது வாய், தானாக.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது ஞாபகம் இருக்கா?"

அவள் உதட்டைக் கடித்தாள். இன்னொரு தடவை வாயால் கெட முடியாது.

"இல்ல" என்றாள். "ஞாபகம் இல்ல."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவர் சாவியை மெல்லத் திருப்பினார். லிஃப்ட் அசைந்து மேலே கிளம்பியது. அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்; நான்காவது மாடி வந்து கதவு திறந்த பிறகும் விடவில்லை.

"ரெண்டு வருஷம் கழிச்சுக் கேளுங்க" என்றாள். "மறக்காமக் கேளுங்க."